பரிந்துரை வேண்டி நிற்றல்



கல்லூரித் தமிழ்த்துறைகளின் தாழ்வாரங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒரு காட்சியைக் காணலாம். படிப்பை முடித்துச் சென்று சில ஆண்டுகளான ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், கையில் ஓர் உறையோடு வந்து நிற்பார். துறையின் கதவருகே வந்தும் உள்ளே நுழையாமல், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பழைய தேர்வு அட்டவணையைப் படிப்பவர்போல் நிற்பார். முனைவர்பட்ட ஆய்வுக்கோ, அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்க அவருக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முதுகலை முடித்தவுடன் திருமணம், பிறகு குழந்தை, அதன்பின் மாமியாரின் நோய் என ஆறேழு ஆண்டுகள் கழிந்திருக்கும். இப்போதுதான் மீண்டும் படிக்கலாம் என்று வீட்டில் ஒருவாறு இசைந்திருப்பார்கள். விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டவர், ஆசிரியர் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறார். “அம்மாவுக்கு என்னை நினைவிருக்குமா?” என்பதே அவருடைய முதல் ஐயம். “நினைவிருந்தாலும், கேட்க எனக்கு உரிமை உண்டா?” என்பது அதனினும் பெரிய ஐயம். சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுவதும் உண்டு. அவ்வாறு திரும்பியவர்களின் கணக்கு எந்தத் துறையின் பதிவேட்டிலும் இராது.

இந்தத் தயக்கம் பற்றியும், அதற்கு மறுமொழியாக ஆசிரியர் எழுதவேண்டிய கடிதம் பற்றியுமே இவ்வுரை அமைகிறது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். ‘சிபாரிசு’ என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்து நம்மிடையே நெடுங்காலம் வழங்கியது. ‘சிபாரிசில் வந்தவர்’ என்றால், தகுதியால் வராதவர் என்று பொருள்படும் அளவுக்கு அச்சொல் நிறம் மாறிவிட்டது. அதன் இடத்தில் தமிழ் வைத்துக்கொண்ட ‘பரிந்துரை’ பொருட்செறிவுடையது. பரிந்து உரைத்தல் பரிந்துரை. பரிதலாவது அன்பு கொள்ளுதல், ஒருவர் சார்பாக நிற்றல். ஆனால் பரிவு மட்டுமே இருந்தால் அது மீண்டும் சிபாரிசாகிவிடும். கண்டதைக் கண்டவாறு கூறும் சான்றும் அதனுள் இருக்கவேண்டும். இவ்விரண்டும் ஒரே ஏட்டில் கூடுவது எளிதன்று.

தமிழ் இலக்கணிகள் இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், ஒருவன் எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தாலும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்கிறார். எனவே சிறப்புப்பாயிரம் பிறர் சொல்லவேண்டியதாகிறது. யார் சொல்லலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்குத் தகுந்த உரைகாரன் ஆகியோரே அதற்கு உரியவர். இவர்கள் அனைவரும் நூலையோ நூலாசிரியனையோ அருகிருந்து அறிந்தவர்கள். செல்வாக்கு மிக்கவர், பதவியில் உள்ளவர், ஊர்ப் பெரியவர் ஆகியோர் இந்நிரலில் இல்லை என்பது நோக்கத்தக்கது. படிக்காமலே அணிந்துரை வழங்கும் வழக்கத்தை நம் கவிதைத் தொகுப்புகளில் கண்டு வருந்தும் இவ்வவைக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பவணந்தியார் சொல்கிறார். தற்புகழ்ச்சியை விலக்கியவர், நான்கு இடங்களில் அதற்கு இசைவும் அளிக்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதவரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னை இகழ்ந்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். முதல் இரண்டும் இன்றைய விண்ணப்பதாரரின் நிலையல்லவா? விண்ணப்பத்தில் தம் தகுதியைத் தாமே எடுத்துரைப்பதற்குக் கூச்சப்படும் நம் மாணவியர்க்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய இலக்கண நூலே விடை கொடுத்திருக்கிறது. பரிந்துரை வேறு. அது மற்றொருவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

ஆசிரியரே மறுத்துவிட்டால் என் செய்வது? இவ்வினாவுக்கும் பழைய உரை ஒன்றில் கதை உண்டு. அகத்தியர்க்கும் தொல்காப்பியர்க்கும் பகை விளைந்ததென்றும், மாணாக்கன் செய்த நூலைக் கேளாதிருக்குமாறு அதங்கோட்டாசானிடம் அகத்தியர் கூறினாரென்றும் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். வரலாறாக ஏற்கவேண்டிய செய்தியன்று அது. எனினும் தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் தந்த பனம்பாரனார் உடன் கற்றவர் என்பதே மரபு. முதலாம் உரிமையாளர் முகந்திருப்பிய இடத்தில் இரண்டாம் உரிமையாளர் வந்து நிற்கிறார்.

அந்த இரண்டாம் உரிமைக்கு அண்மைக்காலச் சான்று கும்பகோணத்தில் கிடைக்கிறது. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் பாடம் கேட்கச் சேர்ந்தவர். அவரை அங்கே செல்லத் தூண்டியவரும் ஓர் ஆசிரியரே. காரிகை கற்பித்த செங்கணம் விருத்தாசல ரெட்டியார், தம்மினும் பெரிய ஆசிரியரிடம் போகுமாறு மாணவரை வழிகாட்டி விட்டவர். தம் வீட்டுத் திண்ணையிலேயே மாணவரை இருத்திக்கொள்ள விரும்பும் ஆசிரியர்களையும் அறிவோம். ரெட்டியாரின் பெருமை அப்போது விளங்கும். பிள்ளை 1876இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற நேர்ந்தபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரே வரவேண்டும் என்று உறுதியாக நின்றார். செட்டியாரும் பிள்ளையின் மாணாக்கரே. ஆண்டில் மூத்த ஒருசாலை மாணாக்கர். திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தவரை அங்கிருந்து வருவிக்க ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பேசினார். கல்லூரி முதல்வர் கோபாலராவிடமும் எடுத்துரைத்தார். 1880 பிப்ரவரியில் சாமிநாதையர் மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் அப்பணியில் அமர்ந்தார். பரிந்துரைக்க ஆசிரியர் உயிரோடு இல்லை. ஆசிரியரின் வீட்டில் ஒன்றாகப் பாடம் கேட்டவர் இருந்தார். பேராசிரியர் காலமாகிவிட்டாரே என்று மனமுடையும் இன்றைய மாணவர், அவரிடம் தமக்கு முன் ஆய்வு செய்து இன்று ஆசிரியராக இருப்பவரை நாடலாம். அது குறுக்கு வழியன்று. நூல் ஒப்பிய வழியே.

அதே கல்லூரியில் 1904இல் கணக்கு ஒன்றைத் தவிர வேறெதிலும் மனம் பற்றாத ஒரு மாணவர் சேர்ந்தார். சாமிநாதையர் அதற்கு முந்திய ஆண்டிலேயே சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிவிட்டதால் இருவரும் கும்பகோணத்தில் ஆசிரியரும் மாணவருமாகச் சந்திக்கவில்லை. சீனிவாச இராமானுசனின் வாழ்க்கையைக் கணிதத்தின் கதையாகவே அனைவரும் சொல்கிறார்கள். அதைக் கடிதங்களின் கதையாகவும் படிக்கலாம்.

கும்பகோணத்தில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தவர்; சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறாதவர். 1910இல் வேலை தேடித் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே துணைக் கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவருமான வி. இராமசாமி ஐயரைக் கண்டார். கேட்டது ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேட்டைப் பார்த்த ஐயர், இத்தகைய ஆற்றலை வருவாய்த்துறையின் கடைசிப்படியில் அமர்த்தி அணைத்துவிடுவதற்கு மனம் இசையவில்லை. கேட்டதைக் கொடாமல், சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பெற்றவருக்கு அன்று அது ஏமாற்றமாகவே இருந்திருக்கக்கூடும்.

அக்கடிதத்தின் வழியே இராமானுசன் அடைந்தது பி. வி. சேஷு ஐயரை. அவர் கும்பகோணத்தில் இராமானுசனுக்குக் கணிதம் கற்பித்தவர். அதாவது, முன்னாள் பேராசிரியர். இடையில் நான்கு ஆண்டுகள் சென்றிருந்தன. தேர்வில் தவறி, கல்லூரியை விட்டு நீங்கி, பட்டம் ஏதுமின்றித் திரிந்த மாணவர் தம் பழைய ஆசிரியர் முன் மீண்டும் நின்ற அந்தக் கணத்தை, தாழ்வாரத்தில் தயங்கி நிற்கும் பெண்ணுக்குச் சொல்லவேண்டும். அவர் கையில் மதிப்பெண் பட்டியல் இல்லை. இருந்திருந்தால் அது அவருக்கு எதிராகவே பேசியிருக்கும். கையில் இருந்தவை குறிப்பேடுகள். நான்கு ஆண்டுகளில் மாணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஆசிரியர் நினைவிலிருந்து அறியவேண்டியிருக்கவில்லை. கண்முன் விரித்துப் படித்தே அறிந்தார். பின்னர் நெல்லூர்க் கலெக்டராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவுக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்தார். முதலில் ஐயுற்ற ராவும் குறிப்பேட்டின் முன் மெல்ல மெல்ல இசைந்து, மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவினார்.

இனி இரு கடிதங்களை அருகருகே வைத்து நோக்கலாம். ஒன்று, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் 1911இல் தந்தது. இராமானுசன் கணிதத்தில், குறிப்பாக எண்கள் பற்றிய ஆய்வில், விதிவிலக்கான திறமுடையவர் என்று கூறி, கணக்கிடுவதில் இயல்பான ஆற்றலும் விரைவும் உடையவர் என்றும் அக்கடிதம் சேர்த்துச் சொல்கிறது. சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு 1912 பிப்ரவரியில் விடுத்த விண்ணப்பத்தோடு இது சென்றது. மார்ச்சில் மாதம் முப்பது ரூபாய் எழுத்தர் பணி கிடைத்தது. அப்பணிக்கு வேண்டியது கூட்டல் கழித்தல் விரைவு. கடிதம் அதையும் சொல்லிற்று. இதைக் குறைகூறுவதற்கில்லை. பசித்தவனுக்கு அன்றைய சோற்றுக்கு வழிசெய்த கடிதம் அது.

மற்றது, 1913 பிப்ரவரி 26ஆம் நாள் எழுதப்பெற்றது. எழுதியவர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலைத்துறையின் தலைவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆய்வாளராக இருந்தவர். துறைமுக அலுவலகத்துக்கு வந்தபோது இராமானுசனின் குறிப்புகள் அவருக்குக் காட்டப்பெற்றன. மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். கடிதம் குறுகியது. ஆயினும் பரிந்துரை எழுத அமரும் ஒவ்வோர் ஆசிரியரும் ஊன்றிப் படிக்கவேண்டியது. தாம் கண்ட பணி, புதுமையில் கேம்பிரிட்ஜ் கல்லூரியொன்றின் கணித ஆய்வாளருடைய பணியோடு ஒப்பிடத்தக்கது என்கிறார். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை வெளிப்படச் சொல்லும் ஒப்பீடு இது. ‘மிகச் சிறந்தவர்’ என்னும் வெற்றுச்சொல் அங்கே இல்லை. அடுத்து, முடிவுகள் எங்கும் செல்லுபடியாகும் என ஏற்பதற்கு வேண்டிய நிறைவும் துல்லியமும் அப்பணியில் இன்னும் இல்லை எனக் குறையையும் கூறுகிறார். அவர் வளர்ந்த சூழலில் அது எதிர்பார்க்கத்தக்கதே என்று காரணமும் சேர்க்கிறார். மூன்றாவதாக, இக்கணிதப் பிரிவுகள் தம் துறையல்ல, ஆதலால் இவருடைய ஆற்றலின் முழு அளவைத் தம்மால் உறுதியாக மதிப்பிட இயலாது என்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டு, வேண்டுவது இன்னதென்று தெளிவாக வேண்டுகிறார்: சில ஆண்டுகளேனும் பிழைப்புக் கவலையின்றி இவர் தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிடப் பல்கலைக்கழகம் வழிசெய்வது முறையாகும்.

குறை கூறிய கடிதம் எப்படிப் பயன் தந்தது என்று வியப்போர் உண்டு. குறை கூறியதால்தான் பயன் தந்தது எனத் தோன்றுகிறது. தம் அறிவின் எல்லையை ஒப்புக்கொண்டவர் எல்லைக்கு இப்பால் சொன்னதைப் படிப்பவர் நம்பினர். ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. இராமானுசனோ முதற் கலைத் தேர்விலேயே தவறியவர். அவ்விதியையும் கடந்து, மாதம் எழுபத்தைந்து ரூபாயாக இரண்டாண்டுக்கு வழங்க முடிவாயிற்று. 1913 மே முதல் நாளிலிருந்து இராமானுசன் ஆய்வு மாணவரானார்.

எல்லாக் கடிதங்களும் கனிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இராமானுசனின் பணியை 1912இல் இலண்டனிலிருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். கணித ஆர்வமும் ஓரளவு ஆற்றலும் உண்டு, ஆனால் விரிதொடர்களின் படுகுழியில் விழுந்திருக்கிறார் என மறுமொழி வந்தது. அரைமனத்தோடு எழுதிய கடிதம்தான். ஆயினும் படித்துவிட்டு எழுதியது. கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி எழுதியதும், 1914 சனவரியில் சென்னைக்கு வந்திருந்த நெவில், இந்த மேதையைக் கண்டறிந்தது கணித உலகில் இக்காலத்தின் மிகச் சுவையான நிகழ்ச்சியாகக்கூடும் எனப் பதிவாளருக்கு எழுதியதும் பலரும் அறிந்தவை. ஆண்டுக்கு இருநூற்றைம்பது பவுன் உதவித்தொகையோடு 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. நெவிலின் கடிதம் முழக்கம். வாக்கரின் கடிதம் சாட்சியம். முழக்கமும் வேண்டியதே. ஆனால் நம்மில் பலருக்கு நெவிலைப்போல் எழுத ஆசை. வாக்கரைப்போல் எழுதப் பொறுமை இல்லை.

நம் கல்லூரிகளில் நிகழ்வது என்ன? “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்பது இன்று பெருவழக்கு. மாணவரைக் காக்கவைக்காத பெருந்தன்மையாகவே பலர் இதைக் கருதுகின்றனர். பவணந்தியார் விலக்கிய தற்புகழ்ச்சியை மாணவர் வாயிலிட்டு, அதற்கு ஆசிரியர் பெயரைச் சூட்டும் செயல் இது. இதனால் மிகுதியும் கெடுபவர் அடக்கமுள்ள மாணவரே. துணிந்தவர் தம்மை வானளாவப் புகழ்ந்து எழுதிக்கொண்டு வருவார். தாழ்வாரத்தில் நின்ற அந்தப் பெண்ணோ, ‘ஒழுங்காக வகுப்புக்கு வருபவர், பணிவுள்ளவர், பழகுதற்கு இனியவர்’ என்று மூன்று வரி எழுதி வருவார். அது நன்னடத்தைச் சான்றிதழ். ஆய்வுக்கு இடம் தரும் குழு அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. மணிமேகலையின் பசிப்பிணியைப் பற்றி அவர் முதுகலைக் கருத்தரங்கில் படித்த கட்டுரையில் பேராசிரியரையே எழுந்து நின்று மறுத்த ஒரு பத்தி இருந்திருக்கும். அதை அவர் எழுதமாட்டார். எழுதினால் செருக்காகும் என அஞ்சுவார். ஆசிரியர்தான் எழுதமுடியும். ஆசிரியருக்கு அது மறந்திருக்கும்.

எனவே கேட்பவர் கொண்டுவரவேண்டியது புகழுரை வரைவன்று; அந்தக் கட்டுரை. சிவப்பு மையில் ஆசிரியர் குறித்த ஓரக்குறிப்போடு கிடைத்தால் மிக நன்று. எந்த ஆண்டு, எந்தத் தாள், எத்தலைப்பு, அதன்பின் இதுவரை படித்தவை யாவை, எழுதியவை யாவை, வீட்டிலிருந்த ஆண்டுகளில் படிப்பு எவ்வாறு தொடர்ந்தது அல்லது நின்றது என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தருவதும் தகும். இடைவெளியை மறைக்கவேண்டியதில்லை. கடைசி நாளுக்கு முந்திய மாலையில் வந்து நிற்றல் மட்டும் கூடாது. நல்ல கடிதத்துக்கு ஆசிரியருக்கு ஒரு மாதமேனும் வேண்டும்.

அயல்நாட்டு முறை சற்று வேறுபட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்கின்றன. மாணவர் கையில் கொடுக்காமல் ஆசிரியரே கணினி வழியே நேராக அனுப்பவேண்டும். 1974இல் வந்த அந்நாட்டுச் சட்டம் ஒன்று மாணவருக்குத் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது, ஆனால் பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீரா என விண்ணப்பமே கேட்கும், பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கின்றனர். தம்மைப்பற்றி எழுதியதைத் தாம் காணாமலே ஒருவர் தம் எதிர்காலத்தை மற்றொருவர் கையில் ஒப்படைக்கிறார். அத்தகைய நம்பிக்கைக்கு முன் ஆசிரியருக்கு இரண்டு நேர்மையான வழிகளே உண்டு. நன்றாக எழுதுதல், அல்லது, “உன் படிப்பை அருகிருந்து அறிந்தவர் வேறொருவர், அவரிடம் கேள் அம்மா” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுதல். பின்னது கேட்பவரைப் புண்படுத்தும் என்று எண்ணி இசைந்துவிட்டு, உயிரற்ற நான்கு வரியை அனுப்புகின்றவர்கள் இருக்கிறார்கள். மறுத்திருந்தால் ஒரு மாலைப்பொழுதின் வருத்தத்தோடு போயிருக்கும். இசைந்ததால் ஓர் ஆண்டு போகிறது. காரணமும் அந்த மாணவிக்குத் தெரியாது.

இராமானுசன் 1920 ஏப்ரலில் மறைந்தார். அவருடைய ஆய்வுக்கட்டுரைகளின் தொகுப்பு 1927இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. பதிப்பாசிரியர் மூவருள் ஹார்டியும் ஒருவர், சேஷு ஐயரும் ஒருவர். தொகுப்பின் முகப்பில் இராமானுசனின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று இருக்கிறது. கும்பகோணத்தில் பாடம் சொன்னதும், நான்கு ஆண்டு கழித்து மாணவர் குறிப்பேடுகளோடு வந்ததும் அதில் இடம்பெறுகின்றன. அதை எழுதியவர் இருவர்: பரிந்துரை எழுதிக் கொடுத்த சேஷு ஐயரும், அதைப் பெற்றுக்கொண்ட இராமச்சந்திர ராவும்.